எகிப்திய ஃபையான்ஸ் பொருட்களை எப்படிச் செய்தார்கள்? பட்டறைகள் இருந்ததற்கு என்ன ஆதாரம்?

ஃபையான்ஸ் என்னும் பளபளப்பான அந்த நீலப் பொருட்களைப் பலரும் மண்பாண்டம் என்றே நினைக்கிறார்கள். ஆனால் ஃபையான்ஸில் பெரும்பங்கு பொடித்த குவார்ட்ஸ் அல்லது மணல்தான். கொஞ்சம் சுண்ணாம்பு, நேட்ரான் என்னும் சோடா உப்பு அல்லது செடிச் சாம்பல், நிறத்துக்குச் செம்பு, அவ்வளவுதான். களிமண்ணைப் போல இது கைக்கு வளையாது. அவசரப்பட்டால் விரிசல் விடும். சிறு உருவங்களுக்கு அச்சு அவ்வளவு தேவைப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

மேலே கண்ணாடிபோல் படியும் மெருகு வந்த விதம்தான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஒரு முறையில் உப்பைக் கலவையிலேயே சேர்த்துவிடுவார்கள். உருவம் காயக் காய, செங்கல் சுவரில் பூப்பதைப் போல உப்பு மேலே வந்து வெள்ளையாகப் படியும். சூளையில் அதுவே உருகிக் கண்ணாடியாகும். இன்னொன்று, மெருகுப் பொடிக்குள் புதைத்துச் சுடுவது. ஈரானின் கோம் நகரில் 1960களிலும் நீல மணிகளை இப்படிச் செய்துகொண்டிருந்தார்கள். மூன்றாவது, குழம்பாகக் கரைத்துப் பூசுவது.

எந்த முறை என்று அறியப் பொருளைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். பூத்த மெருகு காற்றுப்பட்ட பக்கம் தடிப்பாகவும், தரையில் பட்ட பக்கம் மெல்லியதாகவும் இருக்கும். பூசியதில் வழிந்த துளிகளும் சூளையில் தாங்கி வைத்த தடங்களும் தெரியும். புதைத்துச் சுட்டதில் அந்தத் தடங்கள் இருக்காது. ஒரே பொருளில் இரண்டு முறைகள் கலந்திருக்கலாம் என்பதால், கண்ணை மட்டும் நம்பி முடிவுசெய்யக் கூடாது.

பட்டறைகளுக்கு வருவோம். எகிப்திய மன்னர் அக்னாட்டனின் தலைநகரான அமர்னாவில் 1891-92இல் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி தோண்டியபோது சுடுமண் அச்சுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. மோதிர முகப்பு, தாயத்து, பூவிதழ், திராட்சைக் கொத்து என்று விதவிதமான வடிவங்கள். சிலவற்றில் அன்று அழுத்திய கலவை இன்னும் ஒட்டியிருக்கிறது. ராம்சேஸ் மன்னர்களின் தலைநகர் இருந்த கான்டிரிலும் ஏராளமான அச்சுகள் கிடைத்திருக்கின்றன. இவற்றைவிடப் பழைய பட்டறை ஒன்று எகிப்தின் அபிடோஸ் நகரில் இருந்தது. அங்கே குழிச் சூளைகளில் சுட்டிருக்கிறார்கள்.

சூளைகள் அச்சுகளைப் போல அதிகம் கிடைப்பதில்லை. அதை வைத்துத் தொழில் சிறியது என்று எண்ணிவிட வேண்டாம். 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும். மோதிரமும் மணியும் சுடப் பெரிய சூளை தேவையில்லை. அமர்னாவில் குடியிருப்பு வீடுகளிலும் அச்சுகள் பரவலாகக் கிடைப்பதால், அரசுப் பட்டறைகளோடு வீடுகளிலும் இந்த வேலை நடந்தது என்றே நான் கருதுகிறேன்.