ஆறு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் ஒரே படமா?

கேள்வி: மகளுக்கு ஆறு வயது, மகனுக்குப் பன்னிரண்டு. சேர்ந்து படம் பார்க்க உட்கார்ந்தால் அவள் பயந்து அழுகிறாள். இல்லையென்றால் இவன் ‘போர்’ என்று எழுந்து போகிறான். என்ன படம் போடுவது?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் சான்றிதழைப் பாருங்கள். பெற்றோர் வழிகாட்டலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்னும் யு/ஏ-வை 2024-இல் வயதுப்படி 7+, 13+, 16+ என்று பிரித்துவிட்டார்கள். ஆனால் உங்கள் மகள் எதற்குப் பயப்படுவாள் என்பது தணிக்கைக் குழுவுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். என் மகள் அந்த வயதில் சண்டைக் காட்சிக்கு அசையமாட்டாள். படத்தில் அம்மா காணாமல் போனால் தேம்பித் தேம்பி அழுவாள். அதனால் எந்தப் படத்தையும் முதலில் நான் தனியாகப் பார்த்துவிடுவேன்.

இரண்டு பேருக்கும் சேர்த்து என்றால், ஈரானியப் படம் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997). தங்கையின் ஷூவை அண்ணன் தொலைத்துவிடுகிறான். வீட்டில் சொல்லப் பயந்து, அவனுடைய ஒரே ஜோடியை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறார்கள். வில்லனே கிடையாது. ஓட்டப்பந்தயத்தில் மூன்றாம் பரிசு ஒரு ஜோடி ஷூ. அதற்காக மூன்றாவதாக வரத் துடிப்பான் அண்ணன். அந்த இடத்தில் உங்கள் மகனும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவான். சப்டைட்டிலை அவனே தங்கைக்குப் படித்துச் சொல்லட்டும்.

அப்புறம், ‘காக்கா முட்டை’ (2015). இதை மகனோடு மட்டும், சின்னவள் தூங்கிய பிறகு பாருங்கள். பீட்சா சாப்பிட ஆசைப்படும் குடிசைப் பகுதிப் பையனுக்குக் கடை வாசலில் ஓர் அறை விழும். “ஏம்மா அடிச்சாங்க?” என்று கேட்டால் படத்தை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். மிச்சத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.