குளிர்ந்த மேட்டு நில மானாவாரிக்குத் தனி ரகம் எதற்கு?

"அதிக மகசூல் தரும் கோதுமை ரகங்கள் எத்தனையோ இருக்கின்றன. மழையை மட்டும் நம்பியிருக்கும் குளிர்ந்த மேட்டு நிலங்களுக்கென்று தனியாக ரகம் உருவாக்குவது வீண் செலவு இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. பயிர் மேம்பாட்டில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் அழுத்தமாகவே சொல்கிறேன். பாசன நிலத்தில் முதலிடம் பிடித்த ரகம், இந்த நிலங்களில் பல வருடங்களில் நாட்டு ரகத்திடம் தோற்றுப்போகும்.

துருக்கியின் அனத்தோலியப் பீடபூமியை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 1000 மீட்டர் உயரம். பல இடங்களில் ஆண்டு மழையே 300 முதல் 400 மில்லிமீட்டர்தான். அக்டோபர் வாக்கில் விதைத்தால் அறுவடைக்கு ஜூலை ஆகிவிடும். இடையில் கடுங்குளிர். மேலே பனி மூடியிருந்தால் பயிர் தப்பித்துவிடும். பனி இல்லாமல் மைனஸ் 15, 20 என்று இறங்கும் வருடத்தில்தான் சாவு அதிகம். அதைத் தாண்டி வந்தாலும் நெருக்கடி தீராது. சீக்கிரம் பூத்தால் கடைசி உறைபனி கதிரைக் கருக்கும், தாமதமாகப் பூத்தால் மணி பிடிக்கும் நேரத்தில் மண்ணில் ஈரம் இருக்காது.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது முளைப்புதான். இலையுதிர்கால மழை தாமதமானால் மேல் மண் காய்ந்து கிடக்கும், ஈரம் கீழே இருக்கும். அதனால் விவசாயி 8, 10 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்கிறார். முளைக்குருத்தைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. குருத்து மண்ணைத் துளைத்து மேலே வருவது அதற்குள் இருந்துகொண்டுதான். பசுமைப் புரட்சியின் குட்டை ரகங்களுக்கு உயரத்தைக் குறைத்த மரபணுக்கள், ஜப்பானின் நோரின் 10 கோதுமையிலிருந்து வந்தவை. அவை தண்டைக் குட்டையாக்கும்போது இந்த உறையையும் குட்டையாக்கிவிட்டன. ஆழத்தில் விழுந்த விதையின் உறை பாதி வழியில் நின்றுவிடும். முதல் இலை மண்ணுக்குள்ளேயே விரிந்து மடங்கிக் கிடக்கும். தோண்டிப் பார்த்தால் வெளிறிச் சுருண்ட இலை கிடைக்கும். பாசன நிலத்தில் மேலாக விதைத்துத் தண்ணீர் விடுவதால் அங்கே இந்தக் குறை தெரிவதில்லை. தண்டைக் குட்டையாக்கி, உறையை மட்டும் நீளமாக விடும் வேறு மரபணுக்களும் இருக்கின்றன. இந்த நிலங்களுக்கு அவற்றைத்தான் தேட வேண்டும்.

சரி, எங்கே வைத்துத் தேர்வு செய்வது? உரமும் தண்ணீரும் தாராளமாகக் கிடைக்கும் ஆராய்ச்சிப் பண்ணையில் தேர்ந்தெடுத்துவிட்டு வறண்ட வயலுக்கு அனுப்புவதுதான் நீண்ட காலப் பழக்கம். வறண்ட வயலில் சோதனை வைத்தால் மண்ணுக்கு மண் வேறுபாடு அதிகம், முடிவு துல்லியமாக இராது என்பார்கள். அது உண்மையான சிக்கல்தான். ஆனால் அதற்குத் தீர்வு, கூடுதல் இடங்களிலும் கூடுதல் வருடங்களிலும் சோதிப்பது. இடத்தையே மாற்றினால் வேறு நிலத்துக்கான கேள்விக்குத்தான் பதில் கிடைக்கும்.

ரகத்தால் மட்டுமே தீராதவையும் உண்டு. மத்திய அனத்தோலியாவின் சுண்ணாம்பு மண்ணில் துத்தநாகம் பயிருக்குப் போதுமான அளவு கிடைப்பதில்லை. 1990களில் இது தெளிவாகத் தெரிந்து, துத்தநாகம் இட்ட வயல்களில் மகசூல் நன்றாகவே ஏறியது. நோயையும் மறக்கக் கூடாது. துருக்கியில் 1979இல் வெளியான கெரெக் 79 வறட்சியைத் தாங்கி வெகுவாகப் பரவிய ரகம், ஆனால் மஞ்சள் துரு என்ற பூஞ்சை நோய்க்கு அது ஈடுகொடுக்கவில்லை. ஒரே ரகம் நாடு முழுக்க நிற்பதில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

அப்புறம், விவசாயியின் தேர்வு. சிரியாவின் வறண்ட பார்லி நிலங்களில் சால்வதோரே செக்கரெல்லி என்ற ஆய்வாளர், 1990களில் விவசாயிகளின் சொந்த வயல்களிலேயே ரகங்களை வளர்த்து, அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். அது மேட்டு நிலம் இல்லை. ஆனாலும் பாடம் பொருந்தும். வறண்ட பகுதியினர் உயரமான செடியை விரும்பினார்கள். மழை குறைந்த வருடத்தில் குட்டைச் செடி முழங்காலுக்கும் கீழே நின்றுவிடும், அறுவடை இயந்திரத்துக்குச் சிக்காது, கையால் பிடுங்க வேண்டும். ஆடுகளுக்கு வைக்கோலும் கிடைக்காது. மணி எடையை மட்டும் பார்க்கும் சோதனைப் பதிவேட்டில் வைக்கோலுக்கு ஒரு பத்தி சேர்ப்பது பெரிய செலவே இல்லை.