அயர்லாந்துக்குக் கடற்படை இருக்கிறதா? இருந்தால் அதன் வரலாறும் திறனும் என்ன?

இருக்கிறது. ஆனால் கடற்படை என்றதும் நாம் எண்ணிக்கொள்ளும் விமானந்தாங்கிக் கப்பலோ நீர்மூழ்கியோ கப்பலைத் தாக்கும் ஏவுகணையோ அதனிடம் ஒன்றுகூடக் கிடையாது. கார்க் துறைமுகத்துக்குள் இருக்கும் ஹால்போலைன் என்ற சிறு தீவைத் தளமாகக் கொண்டு, விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ரோந்துக் கப்பல்களுடன் அது இயங்குகிறது.

அதைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்கு 1985 ஜூன் 23 தான் காரணம். அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் குண்டுவெடிப்பில் சிதறி, அயர்லாந்தின் தென்மேற்கே அட்லாண்டிக் கடலில் விழுந்தது. அதிலிருந்த 329 பேரும் இறந்தார்கள். அப்போது ரோந்தில் இருந்த ‘ஆஷ்லிங்’ என்ற அயர்லாந்துக் கடற்படைக் கப்பல் அந்த இடத்துக்கு விரைந்து, தேடும் பணியை முன்னின்று ஒருங்கிணைத்தது. மீன்பிடிப் படகுகளைச் சோதனையிட்டுப் பழகிய இளம் மாலுமிகள், சிறிய ரப்பர் படகுகளில் இறங்கி, திறந்த கடலில் மிதந்த உடல்களைக் கைகளால் தூக்கி ஏற்றினார்கள். மீட்கப்பட்ட உடல்கள் 131. பிள்ளையையோ பெற்றோரையோ கடைசியாக ஒருமுறை பார்த்து அடக்கம் செய்ய முடிந்த குடும்பங்கள், அந்த மாலுமிகளுக்கும் அன்று கடலில் இருந்த மற்றவர்களுக்கும் கடமைப்பட்டவை. ஒரு கடற்படையின் திறனைப் பீரங்கிகளின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கக் கூடாது என்று நான் கருதுவதற்கு இந்த நிகழ்ச்சியே அடிப்படை.

வரலாற்றைப் பார்த்தால், தீவு நாடாக இருந்தும் அயர்லாந்து நெடுங்காலம் கடலுக்கு முதுகு காட்டியே இருந்தது. 1923-இல் தொடங்கப்பட்ட கடலோரப் படை சிறிது காலத்திலேயே கலைக்கப்பட்டது. கோவ், பெரேஹேவன், லாக் ஸ்வில்லி ஆகிய மூன்று துறைமுகங்களும் 1938 வரை பிரிட்டனின் பிடியில் இருந்ததால், கடல் பாதுகாப்பு வேறொருவர் பொறுப்பு என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. 1939-இல் போர் மூண்டபோது கையிலிருந்தவற்றுள் ஒன்று ‘முர்ஹூ’. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின்போது ‘ஹெல்கா’ என்ற பெயரில் பிரிட்டன் பக்கம் நின்று டப்ளின் மீது குண்டு வீசிய அதே கப்பல். நடுநிலையைக் காக்க அவசரமாக அமைக்கப்பட்ட அணியே 1946-இல் நிரந்தரக் கடற்படையாயிற்று. பிரிட்டனிடமிருந்து வாங்கிய கொர்வெட் எனப்படும் மூன்று சிறு போர்க்கப்பல்களைக் கொண்டு அது கால் நூற்றாண்டை ஓட்டியது. 1970-ஐ ஒட்டி அவற்றிலும் ஒன்றே மிஞ்சியது.

மீட்சி மீனால் வந்தது என்று சொல்லலாம். 1973-இல் அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்ததும், அதன்பின் மீன்பிடி எல்லை 200 கடல் மைலாக விரிந்ததும், காவல் காக்க வேண்டிய பரப்பைப் பல மடங்காக்கின. கார்க்கிலேயே கட்டப்பட்ட ‘டீர்ட்ரா’ 1972-இலேயே சேவைக்கு வந்திருந்தது. அதே வழியில் ஆஷ்லிங் உள்ளிட்ட மேலும் சில ரோந்துக் கப்பல்கள் ஐரோப்பிய நிதியுதவியுடன் உருவாயின.

இன்றைய முதுகெலும்பு, 2014 முதல் வந்த நான்கு கப்பல்கள். சாமுவேல் பெக்கெட், ஜேம்ஸ் ஜாய்ஸ், யேட்ஸ், பெர்னார்ட் ஷா என எழுத்தாளர்களின் பெயர்களைத் தாங்கிய இவை ஒவ்வொன்றும் 90 மீட்டர் நீளமும் 76 மி.மீ. பீரங்கியும் கொண்டவை, அட்லாண்டிக்கின் முரட்டு அலைகளைத் தாங்கவே வடிவமைக்கப்பட்டவை. மத்தியதரைக் கடலில் 2015 முதல் நடந்த பணிகளில் அயர்லாந்துக் கப்பல்கள் 18,000-க்கும் மேற்பட்ட அகதிகளைக் காப்பாற்றின. 2023 செப்டம்பரில் ‘மேத்யூ’ என்ற சரக்குக் கப்பலை யேட்ஸ் எச்சரிக்கைச் சூடு நடத்தித் துரத்த, தரைப்படையின் சிறப்பு வீரர்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கி, இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட கொக்கெயினைக் கைப்பற்றினார்கள்.

நீர்மட்டத்துக்கு மேல் நடப்பதைக் கண்காணித்துத் தடுப்பதில் இந்தப் படை தேர்ந்தது. நீருக்கு அடியிலோ அதற்குக் கண்ணே இல்லை. ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் இணைக்கும் கடலடித் தகவல்தொடர்புக் கேபிள்களில் பெரும்பகுதி அந்நாட்டின் கடற்பரப்பு வழியாகவோ அதற்கு அருகிலோ செல்லும்போது, ஒலியைக் கொண்டு நீர்மூழ்கியைக் கண்டறியும் சோனார் கருவி ஒரு கப்பலில்கூட இல்லாதது பெரிய குறை. 2022 ஜனவரியில் தென்மேற்குக் கரைக்கு அப்பால் ரஷ்யா போர்ப் பயிற்சி அறிவித்தபோது, மீனவர்கள் எழுப்பிய எதிர்ப்பே உலகச் செய்தியானது. கப்பலின் பின்னால் இழுத்துச் செல்லும் சோனாருக்கு 2025-இல் தான் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது.

ஆனாலும் கருவியைவிட ஆள் பற்றாக்குறையே என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. அனுமதிக்கப்பட்ட பலம் 1,094 பேர். 2023 வாக்கில் இருந்தவர்கள் 800-க்கும் குறைவு. 2022 ஜூலையில் மூன்று பழைய கப்பல்கள் ஓய்வு பெற்றன. அடுத்த ஆண்டு நல்ல நிலையில் இருந்த மேலும் இரண்டு கப்பல்கள், ஆளில்லாமல் கட்டிப்போடப்பட்டன. எஞ்சின் அறையில் தேர்ந்த ஒருவருக்கு, அதே துறைமுகத்தின் மறுகரையிலுள்ள மருந்துத் தொழிற்சாலை கூடுதல் சம்பளமும் இரவில் வீடு திரும்பும் வசதியும் தரும்போது, வாரக்கணக்கில் கடலில் கிடக்கும் வேலையில் அவரைத் தக்கவைப்பது எளிதல்ல. வரவிருக்கும் சோனாரில் கேட்கும் ஒலி திமிங்கலத்தினுடையதா நீர்மூழ்கியினுடையதா என்று பிரித்தறியப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி பெற்றவர்களும் விலகிப் போகாதபடி சம்பளத்தையும் பணி முறையையும் அரசு இப்போதே திருத்த வேண்டும்.