பம்பில் காந்தம் ஒட்டுகிறது, அது போலியா?

டர்பனில் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: "வீட்டுக்குப் பின்னால் சின்னக் கொட்டகையில் மாங்காய் ஊறுகாய் போட்டு விற்கிறோம். உப்புத் தண்ணீரைத் தொட்டி மாற்ற 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பம்ப் என்று ஒரு வியாபாரியிடம் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. இப்போது உடம்பெல்லாம் பழுப்புக் கறை. என் கொழுந்தன் காந்தத்தை வைத்துப் பார்த்தார், ஒட்டுகிறது. ஏமாந்துவிட்டோமா? திருப்பிக் கொடுக்க முடியுமா?"

அம்மா, முதலில் அந்தக் காந்தத்தை எடுத்து வைத்துவிடுங்கள். வார்ப்பு எஃகில் அது எதையும் நிரூபிக்காது. ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு வார்ப்பாலையில் 31 வருஷம் வேலை பார்த்தவன் நான். காந்தத்தை நம்பி நல்ல பம்பைத் திருப்பிக் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், கெட்ட பம்பை வைத்துக்கொண்டு அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அடுப்படியில் இருக்கும் எவர்சில்வர் குண்டான் தகட்டை அழுத்திச் செய்தது. பம்பின் உடம்பு உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி வார்த்தது. கடையில் 316 என்பார்கள், ஆனால் வார்ப்பில் அதன் பெயர் சிஎஃப்8எம். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி, ஒரே ஆள் இல்லை. ஊற்றிய உலோகம் இறுகும்போது சூட்டிலேயே விரிசல் விடாமல் இருப்பதற்காக, அதில் ஃபெரைட் என்ற பகுதி கொஞ்சம் இருக்கும்படி கலவையை அமைப்பார்கள். பொதுவாக நூற்றுக்கு 5 முதல் 20 பங்கு. காந்தம் பிடிப்பது அதைத்தான். லேசாக ஒட்டுவது குறையே இல்லை.

பலமாக, இரும்பில் ஒட்டுகிற மாதிரி ஒட்டினால்? அப்போதும் போலி என்று முடிவு கட்டக் கூடாது. டூப்ளெக்ஸ் என்று ஓர் எஃகு உண்டு. அதில் ஏறக்குறையப் பாதி ஃபெரைட். காந்தம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் குரோமியம் 22 முதல் 25 சதம், கூடவே மாலிப்டினம், நைட்ரஜன் எல்லாம் இருப்பதால் உப்பை 316-ஐ விட எவ்வளவோ நன்றாகத் தாங்கும். துறைமுகப் பக்கம் ஒருவர் டூப்ளெக்ஸ் இம்பெல்லரை, அதாவது பம்புக்குள் சுழலும் சக்கரத்தை, "காந்தம் ஒட்டுது, வெறும் இரும்பு" என்று பழைய இரும்பில் எடைக்குப் போட்டார். அதற்குப் பதில் காந்தம் அவ்வளவாக ஒட்டாத 316 வாங்கி மாட்டினார். கடல் தண்ணீரில் சில மாதத்திலேயே அது ஊசி குத்தியது போல் ஓட்டை விழுந்தது. இன்னொரு பக்கம், வெறும் 13 சதம் குரோமியம் உள்ள மலிவு வார்ப்பிலும் காந்தம் அதே பலத்தோடு ஒட்டும். ஒன்று அருமையானது, மற்றது உப்புத் தண்ணீருக்கு உதவாதது. காந்தத்துக்கு இந்த இரண்டும் ஒன்றுதான். தயவுசெய்து உங்கள் கொழுந்தனிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, கறைக்கு வருவோம். பழுப்புக் கறை இரண்டு வகை. ஒன்று மேலோட்டமானது. வார்ப்பைச் சுத்தம் செய்ய எஃகுக் குண்டு அடித்திருப்பார்கள், அல்லது இரும்பு வெட்டிய அதே கல்லால் தேய்த்திருப்பார்கள். ஒட்டிக்கொண்ட இரும்புத் தூள் துருப்பிடிக்கும், உள்ளே இருக்கும் எஃகுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டாவது, எஃகையே அரித்துக் குழி பறிப்பது. எது என்று பார்க்க, முதலில் பம்பை எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, வெளிப்புறத்தில் ஒரு காசு அளவு இடத்தில் மட்டும் துணியில் நனைத்து அரை மணி நேரம் வையுங்கள். கறை போய் வழவழப்பான எஃகு தெரிந்தால் அது மேல்தூள். ஊசி முனை அளவுக்காவது குழி தெரிந்தால் அரிப்பு. கறை எடுக்கக் கடையில் விற்கும் பிக்ளிங் பேஸ்டைத் தொடவே வேண்டாம். அதில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கிறது. தோல் வழியாக இறங்கி எலும்பு வரை போகும். ஊறுகாய் போடும் கொட்டகைக்குள் அது வரவே கூடாது.

குழி இருந்தால் காரணம் கலவை மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். சூடும் ஒரு காரணமாக இருக்கலாம், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த எஃகு ஏறக்குறைய 870 பாகை செல்சியஸுக்கும் 425 பாகைக்கும் நடுவில் மெதுவாக ஆறினால், உள்ளே இருக்கும் கரி (கார்பன்) குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு எஃகின் நுண்ணிய மணிகளின் ஓரத்தில் படிந்துவிடும். குரோமியம் இழந்த அந்த ஓரங்களில் கரையான் மாதிரி அரிப்பு நுழையும். அதனால்தான் வார்த்த பிறகு 1040 பாகைக்கு மேல் சூடாக்கி, தண்ணீரில் சட்டென்று குளிர வைக்க வேண்டும். உலைக்கு மின்சாரம், ஆள், நேரம் எல்லாம் செலவு. அந்த ஒரு வேலையை விட்டுவிட்டால் வார்ப்பின் விலை குறையும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. வார்ப்பில் ஓட்டை இருந்தால் வெல்டிங் வைத்து அடைப்பார்கள். அது தவறில்லை. பெரிய வெல்டிங்குக்குப் பிறகு மறுபடி சூடாக்காமல் தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்புவதுதான் தவறு. நான் வேலை பார்த்த இடத்திலேயே அது நடந்தது. இரண்டு முறை சண்டை போட்டேன், இரண்டு முறையும் லாரி போய்விட்டது.

உங்கள் உப்பு அளவையும் சொல்லியிருக்கிறீர்கள்: 100 லிட்டருக்கு 15 கிலோ, அதோடு வினிகர். கடல் தண்ணீரில் லிட்டருக்கு 19 கிராம் குளோரைடு. உங்கள் தொட்டியில் அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல். உண்மையான, ஒழுங்காகச் சூடாக்கிய 316 கூட இதில் நின்றுகொண்டே இருந்தால் தாங்காது. ஓடும் தண்ணீரைவிடத் தேங்கிய தண்ணீர்தான் அரிக்கும், முக்கியமாக கேஸ்கெட்டுக்கு அடியில். வெள்ளிக்கிழமை நிறுத்தி திங்கட்கிழமை போடும் பம்பில் அந்த இரண்டு நாளில்தான் குழி விழும். நிறுத்தியதும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டி, வடித்துவிடுங்கள். ஜிக் மாதிரி ப்ளீச் ஊற்றிக் கழுவாதீர்கள், அதுவும் எஃகை அரிக்கும்.

இனி அந்த வியாபாரி. நீங்கள் ஒரு போத்தல் ஊறுகாய் விற்க, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அச்சடித்து ஒட்ட வேண்டும். அவர் ஆயிரக்கணக்கான ரேண்டுக்குப் பம்ப் விற்று, ரசீதில் "எஸ்எஸ் பம்ப்" என்று மட்டும் எழுதுகிறார், அதை யாரும் கேட்பதில்லை. உலகத்திலேயே அதிகமாகக் குரோமியத் தாது தோண்டும் நாடு நம் தென்னாப்பிரிக்கா. அந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு ஒரு நேர்மையான பம்ப் வாங்க ஒரு குடும்பம் இவ்வளவு பாடுபட வேண்டியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பம்பின் உடம்பில் புடைப்பாக ஓர் எண் வார்த்திருக்கிறதா பாருங்கள். ஹீட் நம்பர் என்பார்கள், எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் எண். வார்ப்பாலை தரும் சான்றிதழை வியாபாரியிடம் கேளுங்கள், அதில் அதே எண் இருக்க வேண்டும், அதில் சூடாக்கிய வெப்பநிலையும் இருக்க வேண்டும். எண் இருந்த இடத்தைத் தேய்த்திருந்தால், அல்லது சான்றிதழ் வேறொரு பம்பினுடைய நகலாக இருந்தால், இடைத்தரகர் கைவரிசைதான்.

பெரிய பழைய இரும்புக் கடைகளில் துப்பாக்கி மாதிரி ஒரு எக்ஸ்ரே கருவி இருக்கும். ஒரு நிமிஷத்தில் கலவையைச் சொல்லிவிடும். மாலிப்டினம் 2 சதத்துக்குக் குறையக் கூடாது. அது இல்லவே இல்லை என்றால் உங்களுக்கு 304 வகையை விற்றிருக்கிறார்கள். மாங்கனீசு ஐந்து, ஆறு என்று காட்டினால் நிக்கலைக் குறைத்த மலிவுச் சரக்கு. ஆனால் அந்தக் கருவி கரியையும் காட்டாது, சூடாக்கியதையும் காட்டாது. வியாபாரி அந்தத் தாளை ஆட்டி "316-தான்" என்றால், பாதிக் கேள்விக்குத்தான் பதில் வந்திருக்கிறது.

திருப்பிக் கொடுக்க முடியுமா என்றால், முடியும், ஆனால் நாள் குறைவு. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறையுள்ள பொருளைத் திருப்ப உரிமை தருகிறது. பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், அவர் அல்ல. கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் சொத்தோ ஆண்டு விற்பனையோ 2 மில்லியன் ரேண்டை எட்டியிருக்கக் கூடாது. வாங்கும்போது ஊறுகாய் உப்புத் தண்ணீருக்கு என்று வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் அதைத் தேடி எடுங்கள். பம்ப் விற்பதையே தொழிலாகக் கொண்டவர் அதைக் கேட்டுக்கொண்டு விற்றால், பொருள் அந்த வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று 55-ஆம் பிரிவு சொல்கிறது. அப்போது அது அசல் 316 என்று அவர் நிரூபித்தாலும் உங்கள் வழக்கு நிற்கும்.

பணம் திரும்பி வந்தால் இன்னொரு 316 வாங்காதீர்கள். டூப்ளெக்ஸ் உங்கள் கொட்டகைக்கு வீண் செலவு. உப்புத் தண்ணீரைச் சூடாக்காமல்தானே மாற்றுகிறீர்கள்? உணவுக்கு ஏற்றது என்று எழுதிய பாலிப்ராப்பிலீன் பிளாஸ்டிக் பம்ப் போதும். விலையும் குறைவு, உப்பும் வினிகரும் அதை ஒன்றும் செய்யாது. அதுவரை இந்தப் பம்பைத் தேய்க்க வேண்டாம், கம்பி பிரஷ் போட வேண்டாம். கறையோடு இருப்பதுதான் உங்கள் சாட்சி. பம்பைத் திருப்பித் தருவதாக வியாபாரிக்கு ஒரு கடிதத்தை இந்த வாரமே அனுப்புங்கள்.