வேலையும் போய், நியாயமும் கிடைக்காதபோது ஒரு கிறிஸ்தவர் விசுவாசத்தை எப்படிக் காத்துக்கொள்வது?

கேள்வி கேட்ட தம்பிக்கு வேலை போய் ஒன்றரை வருஷம் ஆகிறதாம். பின்னால் வந்து சேர்ந்தவர்களும் சிபாரிசில் நுழைந்தவர்களும் உள்ளே இருக்க, ஒழுங்காக வேலை பார்த்த தான் வெளியே நிற்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உட்காரவே முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். 'ஜெபம் பண்ணுங்க' என்று மட்டும் பதில் போடாதீர்கள் என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குத் திருநெல்வேலிப் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. எங்கள் ஊரில் சர்ச் என்று சொல்ல மாட்டோம், கோயில் என்போம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நான் கணக்கு டீச்சர். பி.எட். முடித்து 2001இல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். பதிவு மூப்பைத்தான் நம்பியிருந்தோம். வரிசையில் நின்றால் என்றைக்காவது நம் முறை வரும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அந்த அட்டையைப் புதுப்பித்துக்கொண்டு, தனியார் மெட்ரிக் பள்ளி ஒன்றில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் எடுத்துக்கொண்டு இருந்தேன்.

பத்து வருஷம் நின்ற பிறகு வரிசையே இல்லாமல் போயிற்று. 2011 கடைசியில் இனி ஆசிரியர் தகுதித் தேர்வு என்று அரசாணை வந்தது. 2012 ஜூலையில் முதல் தேர்வு. 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம். எழுதியவர்களில் ஒரு சதவீதம் பேர்கூடத் தேறவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் திரும்ப எழுதி 96 மார்க் வாங்கினேன். அம்மா அன்றைக்கே ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுவிட்டு வந்தாள். அவசரப்பட்டுவிட்டாள்.

ஏனென்றால் அடுத்து வெயிட்டேஜ் வந்தது. தகுதித் தேர்வுக்கு 60, மீதி 40 பிளஸ் டூ, டிகிரி, பி.எட். மார்க்குக்கு. நான் பிளஸ் டூ முடித்தது 1997இல். ஆயிரத்தைத் தாண்டுகிற பிள்ளையை ஊரே பார்க்க வரும் காலம் அது. என் மார்க் 1,200க்கு 842. எல்லாம் கூட்டினால் எனக்கு 64.77. என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் தகுதித் தேர்வில் 87தான் வாங்கியிருந்தாள். ஆனால் அவள் பிளஸ் டூ எழுதிய காலத்தில் 1,100 சாதாரணம். அவளுக்கு வேலை கிடைத்தது. நெல்லை அல்வா வாங்கிக்கொண்டு என் வீட்டுக்குத்தான் முதலில் வந்தாள். "டீச்சர், கிடைச்சிட்டு டீச்சர்" என்று கட்டிக்கொண்டாள். அந்த அல்வாவை வாயில் வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதைக் கர்த்தர் பார்த்திருப்பார்.

இதில் யாரும் என்னை ஏமாற்றவில்லை என்பதுதான் கஷ்டம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016இல் அந்த முறை செல்லும் என்று தீர்ப்பாயிற்று. 2018இல் அரசே வெயிட்டேஜை எடுத்துவிட்டு, தேறியவர்களுக்கு இன்னொரு தேர்வு என்று அரசாணை போட்டது. அந்தத் தேர்வு எங்களுக்கு நடந்தது 2024 பிப்ரவரியில். எழுதினேன். கிடைக்கவில்லை.

அடுத்துச் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பு, 2020க்கு முன்னால் நடந்தது. சபை நடத்துகிற உதவிபெறும் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர் இடம் காலியானது. நானும் சபைப் பிள்ளைதானே என்று விண்ணப்பம் போட்டேன். கமிட்டியில் இருந்த ஒருவர் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "எல்லாரும் செய்யுறதுதான், நீங்களும் பார்த்துச் செய்யணும்" என்றார். எவ்வளவு என்பதை விரலில் காட்டினார். லட்சக் கணக்கு. எங்களிடம் இல்லை. இருந்திருந்தால் கொடுத்திருப்பேனா என்று இன்றைக்கும் என்னால் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ஆள் வெள்ளை வேட்டியில், வெல்வெட் காணிக்கைப் பையை நீட்டிக்கொண்டு என் பெஞ்சுக்கு வந்தார். நான் பத்து ரூபாய்த் தாளைக் கையிலேயே கசக்கி வைத்துக்கொண்டேன், போடவில்லை. பை ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் நகர்ந்தது.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் இராப்போஜனம் (ஆராதனையில் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்து) எடுக்கவில்லை. கோயிலுக்குப் போவேன், அந்த நேரத்தில் எழுந்து பின்பக்கம் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவேன்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் நான் வேலை பார்த்த பள்ளியைப் பூட்டினார்கள். ஏப்ரலில் பாதிச் சம்பளம் வந்தது, மே மாதம் முதல் அதுவும் இல்லை. ஆன்லைன் வகுப்புக்கு ஆறு டீச்சர் போதும் என்று ஜூலையில் மற்றவர்களை நிறுத்தினார்கள். நான் 'மற்றவர்கள்'. வீட்டுக்காரர் வாடகை வேன் ஓட்டிக்கொண்டிருந்தார், அதுவும் நின்றது.

இந்த நேரத்தில்தான் ஆறுதல் சொல்ல வருவார்கள். எங்கள் மாமா ஒருவர், "வேலை செய்யாதவன் சாப்பிடக் கூடாதுன்னு பவுலே சொல்லியிருக்காரு" என்று திண்ணையில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் காதுபட வசனம் சொன்னார். உள்ளே போய் வேதத்தை எடுத்துப் பார்த்தேன். 'ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால்' என்று இருக்கிறது. மனதில்லாதவனும் வேலையில்லாதவனும் ஒன்றா? மாமாவிடம் கேட்கவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன். பாலில்லாக் காப்பி.

2021 ஜனவரி முதல் தேதி, வருஷாந்தர ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வருஷப் பிறப்பு அன்று ஒரு தட்டில் வசன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள், ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும், அது அந்த வருஷத்துக்கு நமக்கான வாக்கு. எனக்கு எரேமியா 29:11 வந்தது. 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' அட்டையில் சூரிய உதயம், ஓரத்தில் ஒரு ரோஜாப்பூ. கோபத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதே வசனம் எனக்கு வருவது மூன்றாவது தடவை.

வீட்டுக்கு வந்து சண்டை போடுகிற எண்ணத்தோடுதான் அந்த அதிகாரத்தைத் திறந்தேன். முழுதாகப் படித்தது அன்றைக்குத்தான். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அட்டையில் இருப்பது பதினோராம் வசனம். அதற்கு நேர் மேலே, பத்தாவது வசனத்தில், எழுபது வருஷம் நிறைவேறின பிறகு என்று இருக்கிறது. எழுபது வருஷம்! அதை அட்டையில் அச்சடித்தால் யார் எடுப்பார்கள்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பல மாதத்துக்குப் பிறகு. இன்னும் மேலே ஐந்தாம் வசனத்தில், வீட்டைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்று சொல்கிறார். சிறைப்பட்டுப்போன ஊரில்! ஊர் திரும்புவது எப்போதோ, அதுவரை கத்தரிக்காய் நடு என்கிற மாதிரி. அந்த வாரம்தான் தெருப் பிள்ளைகள் நாலு பேரை வராந்தாவில் உட்காரவைத்து டியூஷன் ஆரம்பித்தேன், தலைக்கு 150 ரூபாய்.

ஜெபம் பற்றி. அழகாக ஜெபிக்கிறதை நான் விட்டுவிட்டேன். அடுப்படியில் நின்று, "நான் என்ன பாவம் செஞ்சேன், நீர் என்ன செஞ்சுக்கிட்டு இருக்கீர்" என்று சத்தமாகவே கேட்பேன். இது பாவமோ என்று பயம் வந்தபோது 73ஆம் சங்கீதம் கைகொடுத்தது. 'நான் விருதாவாகவே என் இருதயத்தைச் சுத்தம்பண்ணி, குற்றமில்லாமையிலே என் கைகளைக் கழுவினேன்' என்கிறான் ஆசாப். சுத்தமாக இருந்ததெல்லாம் தண்டம் என்கிறான். இவன் வெளியாள் இல்லை, ஆலயப் பாடகர்களுக்குத் தலைவனாக தாவீது வைத்த ஆள். எல்லாவற்றையும் இழந்த யோபுவின் புத்தக முடிவிலும் பாருங்கள்: கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்களைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தர் கோபப்படுகிறார். யோபு பேசியதோ பெரும்பாலும் முறையீடு. அதனால் தம்பி, உங்கள் கோபத்தைக் கோயில் வாசலில் செருப்போடு கழற்றி வைக்க வேண்டாம். உள்ளே கொண்டுபோங்கள்.

அந்த அல்வா மட்டும் பல வருஷம் தொண்டையிலேயே நின்றது. மத்தேயு 20இல் திராட்சத்தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற உவமை உங்களுக்குத் தெரியும். காலையிலிருந்து வேலை செய்தவனுக்கும் ஒரு பணம், கடைசி ஒரு மணி நேரம் வந்தவனுக்கும் ஒரு பணம். நான் எப்போதும் காலையில் வந்தவன் பக்கம்தான். 'பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே' என்று அவன் கேட்பது என் கேள்வி. எனக்குச் சமமாகக்கூட ஆக்கவில்லையே, அவளுக்கு மட்டும்தானே கிடைத்தது என்று ஒரு படி மேலே போவேன்.

ஊரடங்கு தளர்ந்த சமயம், காலை ஏழு மணிக்கு ரேஷன் கடைக்குப் போகிற வழியில் முக்கு ரோட்டில் கொத்தனார்களும் சித்தாள்களும் வேலைக்கு நிற்பதைப் பார்த்தேன். தூக்குவாளி, சாந்துச்சட்டி, கரணை. பதினொன்றரைக்குத் திரும்பி வரும்போதும் ஏழெட்டுப் பேர் அங்கேயே நின்றார்கள். ஒரு அம்மா சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்த உவமையில் சாயங்காலம் நிற்கிறவர்களிடம், பகல் முழுவதும் இங்கே சும்மா நிற்கிறதென்ன என்று எஜமான் கேட்கிறான். அவர்கள் சொல்கிற பதில்: 'ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை.' சோம்பேறிகள் என்று யாரும் அவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் வீட்டிலும் அன்றைக்கு உலை வைக்க ஒரு பணம் வேண்டும். இத்தனை வருஷமாக நான் அந்தக் கதையில் தப்பான ஆளின் இடத்தில் நின்றுகொண்டிருந்தேனோ என்று அப்போதுதான் பட்டது. என் மாணவிக்கும் அப்பா இல்லை, இரண்டு தங்கைகள். எனக்குத் தெரிந்த விஷயம்தான், மறந்து வைத்திருந்தேன். அதற்காக வெயிட்டேஜ் நியாயம் என்று ஆகிவிடாது. அதை இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பொறுமை என்று சொல்லி உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள். நிறுத்தப்பட்ட டீச்சர்கள் ஏழு பேர் சேர்ந்து பாக்கிச் சம்பளம் கேட்டு மனு கொடுத்தோம். விசுவாசிகள் இப்படிச் செய்யலாமா என்று சபையில் ஒரு பெரியவர் கேட்டார். பவுலே 'இராயனுக்கு அபயமிடுகிறேன்' என்று ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தவர்தானே ஐயா என்றேன். யாக்கோபு நிருபத்தில் பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது. நாங்களும் கொஞ்சம் சத்தம் போட்டோம். ஒரு மாதச் சம்பளம் வந்தது. அவ்வளவுதான் வந்தது.

இன்னொன்று, தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) கொடுக்க முடியவில்லையே என்று கடன் வாங்காதீர்கள். நான் நிறுத்திவிட்டேன். தூக்கமே இல்லாமல், சாகலாமா என்கிற அளவுக்குப் போனால் அதை விசுவாசக் குறைவு என்று நினைக்காமல் டாக்டரைப் பாருங்கள், மனநல உதவி எண் 14416க்குப் போன் பண்ணுங்கள். எங்கள் பக்கம் இதைப் பிசாசு என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள், கிட்டே சேர்க்காதீர்கள்.

நான் விசுவாசத்தைக் காப்பாற்றினேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சண்டையை நிறுத்தவில்லை, பேசாமல் இருந்துவிடவில்லை, அவ்வளவுதான். கமிட்டிக்காரரையும் கர்த்தரையும் ஒரே ஆள் என்று நினைப்பதை நிறுத்த எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்கு ஒரு காரணம் அரிசி.

எங்கள் பக்கம் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. சோறு வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுச் சேர்த்துக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். அம்மா நாற்பது வருஷம் பீடி சுற்றியவள். நாளுக்கு ஆயிரம் சுற்றிய காலத்திலும் அந்தக் கலயம் காலியாக இருந்ததில்லை. 2020 ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் உபதேசியார் (எங்கள் சபை ஊழியர்) வீட்டம்மா புறவாசல் வழியாக வந்து ஒரு மஞ்சப்பையை வைத்துவிட்டுப் போனார்கள். யார் கண்ணிலும் படக் கூடாது என்று புறவாசல். உள்ளே பல நிறத்தில் அரிசி. புழுங்கல், பச்சை, ரேஷன், கொஞ்சம் சிவப்பு, எல்லாம் கலந்து. எத்தனை வீட்டுக் கைப்பிடியோ. இதை நான் எப்படிச் சமைப்பது, ஒன்று குழைந்தால் ஒன்று வேகாது என்று நிற்கிறேன், அம்மா படியில் அரிசியை அளந்துவிட்டு, அதிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பழைய கலயத்தில் போட்டாள்.

"கோயில் அரிசியை எடுத்துக் கோயிலுக்கேவாம்மா?" என்றேன்.

"உலையைப் பாருட்டி, கொதிச்சு வழியுது" என்றாள்.

அடுத்த ஆண்டு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் எடுக்கிற அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன், மாதம் ஆயிரம் ரூபாய். கோயில் பின்பக்க வராந்தாவில் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை. இடம் கொடுத்தது அதே கமிட்டிதான், அந்த வெல்வெட் பைக்காரர் கையெழுத்தோடு. இப்போது டியூஷனில் இருபத்தியிரண்டு பிள்ளைகள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாளைக்குப் பரிட்சை, வாசலில் சைக்கிள் சத்தம் கேட்கிறது. மீதியைக் கேட்க வேண்டுமென்றால் கீழே எழுதுங்கள் தம்பி, ராத்திரி வந்து பார்க்கிறேன்.