எத்தனை முறை சொல்வது?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஏழாம் வகுப்பு ஆசிரியை. இந்த ஆண்டு ஆட்டிசம் உள்ள ஒரு பையன் என் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். நன்றாகப் படிக்கிறான். ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை; மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றுவிடுகிறான். போன வாரம் அப்படி நின்றபோது, “உட்கார் என்று உனக்கு எத்தனை முறை சொல்வது?” என்றேன். “இதுவரை நான்கு முறை” என்றான். வகுப்பே சிரித்தது. அவமானமாகப் போய்விட்டது, வெளியே நிற்க வைத்தேன். சக ஆசிரியர்கள் திமிர் என்கிறார்கள். சில பெற்றோர் அவனை வேறு பள்ளிக்கு அனுப்பச் சொல்கிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அடுத்தவர் மனம் புரியாது என்று படித்தேன். மற்ற 35 பேரையும் நான் பார்க்க வேண்டாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

வெளியே நிற்க வைத்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானும் ஒளிக்காமல் பேசலாம்.

நீங்கள் அவனிடம் கேட்டது உண்மையில் கேள்வியே இல்லை, கோபம். அதற்குத் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்பது நமக்கு யாரும் சொல்லாமலே பழகிவிட்டது. அவனுக்குக் கேள்வி என்றால் கேள்விதான். விடை தெரிந்தது, சொன்னான். திமிராகப் பேசுவதற்கு எதிராளியின் முகத்தைப் படிக்க வேண்டும், எங்கே குத்தினால் வலிக்கும் என்று கணக்குப் போட வேண்டும். அடுத்தவர் மனம் புரியாதவன் என்கிறார்கள், திமிர் பிடித்தவன் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கும்?

‘அடுத்தவர் மனம் புரியாது’ என்பதையே கொஞ்சம் பார்க்கலாம். டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012இல் ஒரு கட்டுரை எழுதினார். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, பழியை மட்டும் ஒரு பக்கம் சுமக்கிறது என்பது அவர் வாதம். 2020இல் வெளியான ஒரு ஆய்வில் எட்டெட்டுப் பேராக வரிசையில் வைத்து, ஒருவர் காதில் ஒரு கதையைச் சொல்லி அடுத்தவருக்குக் கடத்தச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசையும், ஆட்டிசம் இல்லாதவர்கள் மட்டுமே இருந்த வரிசையும் ஒரே அளவு நன்றாகக் கடத்தின. இரு சாராரும் கலந்து நின்ற வரிசையில்தான் கதை அதிகம் சிந்தியது. (ஆட்டிசத்தை ‘மதியிறுக்கம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. இந்தச் சோதனையைப் படித்தபின் யார் மதி இறுகியிருக்கிறது என்ற சந்தேகம் வேறு.)

கண்ணைப் பார்ப்பது: பார்க்கலாம் அல்லது கேட்கலாம், இரண்டையும் ஒருசேரச் செய்ய முடிவதில்லை என்று ஆட்டிசம் உள்ள பலர் சொல்லியிருக்கிறார்கள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் பாடம் அவனுக்குள் போய்க்கொண்டிருக்கலாம். மணி விஷயமும் அப்படித்தான். நமக்கு வெறும் சத்தமாக இருப்பது அவர்களில் பலருக்கு உடம்பில் படும் வலி. அடம் பிடிக்கும் பிள்ளை கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடும். சத்தத்தில் நிலைகுலைந்த பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் நிற்காது, சத்தம் ஓய்ந்து கொஞ்ச நேரமாவது ஆக வேண்டும்.

பெற்றோர்கள் ‘வளர்ப்பு சரியில்லை’ என்றும் பேசியிருப்பார்களே? பழைய பழிதான் அது. லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 1943இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய பிறகு, பாசமில்லாத தாய்மார்களால்தான் ஆட்டிசம் வருகிறது என்று மருத்துவர்களே பல காலம் நம்பினார்கள். ‘குளிர்சாதனப் பெட்டித் தாய்’ என்று பட்டமும் கட்டினார்கள். ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற பெர்னார்ட் ரிம்லேண்ட் என்ற உளவியலாளர் 1964இல் அதை மறுத்து ஒரு புத்தகமே எழுத வேண்டியிருந்தது. 1977இல் வந்த இரட்டையர் ஆய்வு மரபணுவின் பங்கைக் காட்டியது. ஆய்வுலகம் அந்தப் பழியை எப்போதோ கைவிட்டுவிட்டது, பெற்றோர் கூட்டங்கள் இன்னும் விடவில்லை.

சரி, அந்த 35 பேர். நான் அவர்களில் ஒருவனாக இருந்தவன். என் வகுப்பில் ஒருவன் எதையும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் சொல்வான். ஆசிரியர் ஒருநாள் விளையாட்டாக “மெஷின்” என்றார். மறுநாளிலிருந்து வகுப்புக்கே அவன் மெஷின். இரும்பு பெஞ்சில் காம்பஸ் முனையால் கீறினால் அவன் துடிப்பான் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். நானும் கீறியிருக்கிறேன். ஆண்டு நடுவில் பள்ளியை விட்டுப் போனான். ஆட்டிசம் என்ற சொல்லை அப்போது நாங்கள் யாரும் கேட்டதில்லை. பெயர்தான் ஏற்கெனவே வைத்தாயிற்றே.

ஆசிரியர் அன்று “மெஷின்” என்று சொல்லியிருக்காவிட்டால் நாங்களாகவே கீறியிருப்போமா? சிலர் கீறியிருப்பார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்காது.

நீங்கள் அவனை வெளியே நிறுத்திய அன்று உள்ளே இருந்த 35 பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதனால் அவனிடம் பேச வேண்டியதை அவர்கள் முன்னாலேயே பேசுங்கள். “அன்று நான் கேட்ட விதம் தவறு” என்றால் போதும். மணியடிக்க இரண்டு நிமிடம் முன்பு அவனுக்குச் சொல்லிவிடுங்கள். “உட்கார்” என்பதைக் கேள்வியாக்காமல் “உட்கார்” என்றே சொல்லுங்கள். ஆட்டிசம் இருப்பதை வகுப்பில் சொல்வதா வேண்டாமா என்பதை அவனும் அவன் வீட்டாரும்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்கள் முந்த வேண்டாம்.

அப்புறம், ஒன்று கேட்க வேண்டும். நான்கு முறை என்றானே, கணக்கு சரிதானா?

அன்புடன்.