வாசகர் கேள்வி – பதில்: ஊர் பழிக்கும் விளையாட்டு எனக்கு மட்டும் இனிக்கிறதே!

கேள்வி: உப்புவெளியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் இரவுப் பணி செய்கிறேன். வயது 27. விருந்தினர்கள் உறங்கிய பிறகு பழைய மடிக்கணினியில் வீடியோ கேம் ஆடுவதுதான் என் ஒரே பொழுதுபோக்கு. அவற்றிலும் 2003இல் வெளிவந்த 'பிக் ரிக்ஸ்' என்ற லொறிப் பந்தயம் எனக்கு மிகவும் பிடிக்கும். உலகிலேயே ஆக மோசமான விளையாட்டு என்று அதற்குப் பெயர். கூட வேலை செய்யும் மச்சான் ஒருவன், "உனக்கு ரசனையே செத்துப் போச்சு" என்று எல்லோர் முன்னிலையிலும் சிரிக்கிறான். சும்மா பகிடிக்குத்தான் ஆடுகிறேன் என்று சொல்லிச் சமாளிக்கிறேன். ஆனால் உண்மை அதுவன்று. எனக்கு அது மெய்யாகவே பிடித்திருக்கிறது. கோளாறு என்னிடமா?
– வாசகர் ஒருவர், உப்புவெளி

பதில்: கோளாறு விளையாட்டில்தான் இருக்கிறது, அதில் உங்களுக்கும் உங்கள் மச்சானுக்கும் கருத்து வேறுபாடு இராது. அதை அறியாத வாசகர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். பந்தயம் தொடங்கியதும் உங்கள் லொறி புறப்படும். எதிராளியின் லொறியோ டிப்போவில் பற்றரி இறங்கிய பேருந்தைப் போலத் தொடக்கக் கோட்டிலேயே நின்றுகொண்டிருக்கும். (பிறகு வந்த திருத்தத்தில் அது நகர்கிறது; ஆனால் முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் போய் நின்றுவிடுகிறது. இதை எந்த மகானுபாவர் திருத்தம் என்று வெளியிட்டாரோ!) லொறி கட்டடங்களுக்கூடாகப் புகுந்து வெளியே வரும். பாலத்தில் ஏற்றினால் பாலத்துக்கூடாகவே கீழே இறங்கிவிடும். செங்குத்தான மலையிலும் வேகம் இம்மியும் குறையாமல் ஏறும். பின்னோக்கி ஓட்டினால் வேகத்துக்கு எல்லையே கிடையாது. விசையிலிருந்து விரலை எடுத்த கணத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்கும். பொலிசாருக்குத் தப்பிச் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று பெட்டியில் எழுதியிருந்தார்கள்; உள்ளே தேடினால் பொலிசாரும் இல்லை, சேர்க்க வேண்டிய சரக்கும் இல்லை. எல்லாம் முடிந்ததும் மூன்று கைப்பிடி வைத்த வெற்றிக் கிண்ணம் ஒன்று தோன்றி, இலக்கணம் பிழைத்த ஆங்கிலத்தில் உங்களை வெற்றியாளர் என்று வாழ்த்தும். விமர்சனங்களின் சராசரியைக் கணக்கிடும் மெற்றாகிரிட்டிக் தளத்தில் அதற்குக் கிடைத்தது 100க்கு 8.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'இது நல்ல விளையாட்டு' என்ற வாக்கியத்தில் 'எனக்கு' என்ற சொல்லுக்கு இடமில்லை. 'பிடிக்கும்' என்று சொல்லத் தொடங்கினாலோ, யாருக்கு என்று சொல்லாமல் அந்த வாக்கியம் நிறைவதில்லை. எனக்குப் பசிக்கிறது, எனக்குக் குளிர்கிறது என்பவற்றைப் போலவே எனக்குப் பிடிக்கிறது என்பதும் நமக்கு நேர்கிற ஒன்றாகத்தான் நம் மொழியில் அமைந்திருக்கிறது. பசித்தவனைப் பார்த்து உன் பசி பிழையானது என்று யாரும் வாதிடுவதில்லை. உங்கள் மச்சான் முதல் வாக்கியத்தை மறுக்கிறார். நீங்களோ அவர் இரண்டாவது வாக்கியத்தை மறுத்துவிட்டதாக எண்ணி வருந்துகிறீர்கள். அடுத்த முறை, "ஓம், அது மோசமான விளையாட்டுத்தான், எனக்குப் பிடிக்கும்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிப் பாருங்கள். அதற்குமேல் அவர் சிரிப்பதற்கு அதிகம் மிஞ்சாது.

ஆனால் ஏன் பிடிக்கிறது என்பதை நீங்களே துல்லியமாகக் கண்டறிந்துகொள்வது நல்லது. ஓர் ஊகம் சொல்கிறேன். எட்டு மணி நேரம் பிறருடைய முறைப்பாடுகளைக் கேட்டு, தன்மீது பிழையில்லாதவற்றுக்கும் மன்னிப்புக் கேட்கிற வேலை உங்களுடையது. அந்த லொறியிலோ உங்களைத் துரத்துவார் இல்லை. தோற்பதற்கு வழியும் இல்லை. பாதையை விட்டு விலகி ஓட்டிக்கொண்டே போனால் வரைபடத்தின் விளிம்பையும் தாண்டி, மரமோ மலையோ இல்லாத முடிவற்ற சாம்பல் வெளிக்குள் போய்விடலாம். அங்கேயும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு உப்புவெளிக் கடற்கரையில் நின்று, கரை எது கடல் எது என்று தெரியாத இருட்டைப் பார்த்திருக்கிறவருக்கு அந்தச் சாம்பல் வெளியில் ஓர் ஆறுதல் இருக்கக்கூடும். அதைச் செய்தவர்கள் அப்படி எண்ணிச் செய்யவில்லை என்பது உண்மையே. ஆனாலும் அது அங்கே இருக்கிறது, நீங்கள் அதைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். 2000களின் தொடக்கத்தில் நகரத்துக் கடையொன்றில் நாங்கள் வாங்கிய இறுவட்டுகளில், ஒரே வட்டுக்குள் பல விளையாட்டுகளை அடைப்பதற்காக இசையையும் இடையிடையே வரும் படக்காட்சிகளையும் வெட்டி எறிந்திருப்பார்கள். அப்படி வந்த கார்ப் பந்தயம் ஒன்றில் எஞ்சின் ஓசைகூட இருக்கவில்லை. பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, அந்த ஓசையைத் தன் வாயாலேயே கொடுப்பார். கியர் மாறும்போது 'ட்ர்ர்ர்' என்று இறக்கி, வளைவுகளில் பிரேக் கிறீச்சிட்டு, உதடு காய்ந்தால் தண்ணீர் குடித்துவிட்டு மீண்டும் தொடங்குவார். வளைவில் அவர் சாய்ந்த சாய்வில் பிளாஸ்டிக் கதிரையின் கால் ஒன்று முறிந்து, பெரியப்பாவிடம் இருவரும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். பல ஆண்டுகளுக்குப் பிறகு அதே விளையாட்டின் குறையற்ற பிரதி கிடைத்தது. எஞ்சின் ஓசை முதல் பின்னணி இசை வரை எல்லாம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. என்னால் பத்து நிமிடத்துக்கு மேல் ஆட முடியவில்லை.

விமர்சகர்களின் புள்ளியைப் பெரிதாக எண்ணவும் வேண்டாம். 2010இல் வந்த 'டெட்லி பிரிமொனிஷன்' என்ற ஜப்பானியத் துப்பறியும் திகில் விளையாட்டுக்கு ஐஜிஎன் என்ற விமர்சனத் தளம் 10க்கு 2 கொடுத்தது. டிஸ்ரக்ரொயிட் என்ற இன்னொரு தளம் 10க்கு 10 கொடுத்தது. இருவரும் பார்த்தது ஒரே தடுமாறும் காரையும் ஒரே மரக்கட்டை நடிப்பையும்தான். பூமியில் தனித்து விடப்பட்ட வேற்றுக்கிரகவாசியைப் பற்றிய 'ஈ.ரி.' திரைப்படத்தை வைத்து, 1982இல் அட்டாரி 2600 என்ற வீட்டு விளையாட்டுக் கருவிக்கு வந்த விளையாட்டின் கதை இன்னும் பிரசித்தம். விற்காமல் தேங்கியவற்றை நியூ மெக்சிக்கோவின் அலமொகோர்டோவில் குப்பையோடு புதைத்து, 2014இல் அவற்றில் ஒரு பகுதியைத் தோண்டி எடுத்தார்கள். எங்கே நடந்தாலும் குழிக்குள் விழவைக்கிற விளையாட்டு என்பது அதன்மீதான குற்றச்சாட்டு, அது பெருமளவு சரியும்கூட. ஆனால் அதை ஹவார்ட் ஸ்கொட் வோர்ஷோ என்ற ஒரே நிரலாளர், ஏறத்தாழ ஐந்தே வாரங்களில், 128 பைட் நினைவகம் மட்டுமே கொண்ட ஒரு கருவிக்காக எழுதி முடித்தார். எதிரிகளைச் சுட்டு வீழ்த்துவது பெருவழக்காக இருந்த காலத்தில், தொலைபேசியின் மூன்று துண்டுகளைத் தேடிப் பொருத்தி வீட்டுக்கு அழைப்பெடுக்கிற விளையாட்டை அவர் கற்பனை செய்திருக்கிறார். கையேட்டை வாசித்துவிட்டு ஒரு தடவை ஆடிப் பாருங்கள். குழிக்குள் விழுந்தால் கழுத்தை நீட்டி மிதந்து மேலே வரப் பழகிய பிறகு, அது அவ்வளவு கொடியது என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள்: 'பகிடிக்குத்தான் ஆடுகிறேன்' என்ற அந்தச் சமாளிப்பை. உண்மையிலேயே பகிடிக்காக ஆடுகிறவர்கள் இருபது நிமிடத்தில் சலித்து எழுந்துவிடுவார்கள். நீங்கள் எத்தனை இரவுகளாக ஆடுகிறீர்கள்?

கேள்வி: என் மகனுக்கு வயது 16. சித்திரைப் புத்தாண்டுக்குக் கிடைத்த கைவிசேஷத்தைச் சேர்த்து, சித்தப்பாவின் வங்கி அட்டை மூலம் ஸ்டீம் தளத்தில் ஒரு விளையாட்டை வாங்கியிருக்கிறான். வாங்கியவர்களில் பெரும்பாலானோர் அதைத் திட்டியே எழுதியிருக்கிறார்கள். 'தெரிந்துதான் வாங்கினேன்' என்கிறான். இவனுடைய அப்பா காசைக் கடலில் போட்டதாகக் கோபப்படுகிறார். யார் சொல்வது சரி?
– ஒரு தாய், அன்புவழிபுரம்

பதில்: தெரிந்து வாங்கியவன் ஏமாறவில்லை அம்மா, கோபப்பட வேண்டியது தெரியாமல் வாங்கியிருந்தால்தான். இந்த விடயத்தில் நான் கறாரானவன். வேலை செய்யாத பொருளை முழு விலைக்கு விற்கிற நிறுவனத்தின் அலட்சியத்தை, 'மோசமானவற்றிலும் ஓர் அழகுண்டு' என்று நாம் மெழுகத் தேவையில்லை. 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' வெளிவந்தபோது, பழைய பிளேஸ்ரேஷன் கருவிகளில் அது ஓடிய அவலத்தைப் பார்த்துச் சோனி நிறுவனமே சில நாட்களில் அதைத் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில்தான் திரும்பவும் விற்பனைக்கு வைத்தது. அன்று பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் ரசனை இல்லாதவர்கள் அல்லர்.

உங்கள் மகனுக்கு ஒரு நடைமுறைச் செய்தி உண்டு. ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அவன் அந்த இரண்டு மணி நேரத்தைக் கடந்தும் ஆடிக்கொண்டிருந்தால், காசு கடலில் விழவில்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு மாலை அவனருகில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, எது பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். நல்ல விளையாட்டைக் காட்டும் பிள்ளைகள் திரையைப் பார்த்தபடி ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லுவார்கள். மோசமான விளையாட்டைக் காட்டுகிறவன் வாய் ஓயமாட்டான். (சித்தப்பாவின் அட்டையைக் கேட்டுத்தான் எடுத்தானா என்பதையும் அப்படியே விசாரித்துக்கொள்ளுங்கள்.)

கேள்வி: வேண்டுமென்றே மோசமாகச் செய்யப்படும் விளையாட்டுகளும் உண்டாமே! அவற்றை ரசிப்பதும் இதைப் போன்றதுதானா?
– உயர்தர மாணவி, சீனன்குடா

பதில்: இல்லை மகள், இரண்டும் ஒன்றல்ல. 2014இல் சுவீடனிலிருந்து வந்த 'கோட் சிமுலேற்றர்' என்ற ஆட்டு விளையாட்டில், விளையாட்டை முடக்கிவிடும் பிழைகளை மட்டும் திருத்திவிட்டு, சிரிப்பூட்டும் பிழைகளை அப்படியே விட்டிருந்தார்கள். ஏணியில் ஏறும் ஆடு வானத்துக்குப் பறப்பது முதல் நாள் சிரிப்பைத் தரும். எனக்கு மூன்றாம் நாள் வரவில்லை. பகிடி சொல்லுமுன் தானே சிரித்துவிடுகிற ஆளின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போன்ற களைப்பு அது. பிரெட்றிக் கோட்டைக்குள் மேய்கிற மான்கள் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களின் பையை முகர்ந்து பார்ப்பதில் அதைவிட நகைச்சுவை இருக்கிறது. அவை சிரிக்கவைக்க முயல்வதே இல்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு: 'டெசர்ட் பஸ்'. பென், டெல்லர் என்ற அமெரிக்க மாயவித்தை இரட்டையரின் பெயரில் 1995இல் உருவாகி, கடைக்கு வராமலே போன ஒரு தொகுப்பின் பகுதி அது. வீடியோ கேம்களில் வன்முறை மிகுந்துவிட்டது என்று கண்டித்தவர்களுக்குப் பதிலாக, வன்முறை துளியும் இல்லாத ஒன்றைச் செய்து காட்டினார்கள். ரூசோன் நகரிலிருந்து லாஸ் வேகாசுக்கு ஒரு வெறும் பேருந்தை, மணிக்கு 45 மைல் வேகத்தில், உண்மையான எட்டு மணி நேரமும் ஓட்ட வேண்டும். பயணிகள் இல்லை, எதிரே வாகனமும் இல்லை, இடைநிறுத்தவும் முடியாது. பேருந்து சற்றே வலப்பக்கம் இழுத்துக்கொண்டே இருப்பதால் கையை எடுத்துவிட்டுப் போகவும் முடியாது. போய்ச் சேர்ந்தால் கிடைப்பது ஒரே ஒரு புள்ளி. இதை நேரலையில் ஓட்டிக் காட்டி, மருத்துவமனையில் இருக்கும் சிறுவர்களுக்காக 2007 முதல் ஆண்டுதோறும் நிதி திரட்டி வருகிறார்கள்.

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு இரவுப் பேருந்தில் போய்ப் பழகியவன் என்ற தைரியத்தில் நானும் ஒருமுறை தொடங்கினேன். நம்முடைய பாதையில் ஹபரணையில் ஒரு தேநீராவது கிடைக்கும். அங்கே மணலைத் தவிர எதுவும் இல்லை. ஒன்றரை மணி நேரம் தாண்டியபோது, வாசற்கதவை யாரோ தட்டுகிறார்கள் என்று எழுந்துபோய்த் திரும்பி வந்தேன். பேருந்து பாதையை விட்டு மணலில் இறங்கி, எஞ்சின் அணைந்து கிடந்தது. அப்படி நேர்ந்தால் ஒரு வண்டி வந்து, புறப்பட்ட இடமான ரூசோனுக்கே கட்டி இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பயணமும் உண்மையான நேரத்திலேயே நடக்கும். நான் கதிரையில் சாய்ந்து, அது முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.